டப்பாவில் ஐந்து கிராம் அதிகம்

செவ்வாய்க்கிழமை, காலை 10.50.

சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு இருந்தது.

மரக்காணத்தில் உப்பு இருப்பது ஒரு செய்தியா என்று கேட்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் கண் கூசும்வரை அதுதான். ஆனால் இந்த உப்பு கொரியாவிலிருந்து கப்பலேறி வந்த வண்ணப் பெட்டிக்குள், சாப்பிடலாம் என்று படம் போட்ட டப்பாவுக்குள் இருந்ததாக ஆய்வகம் எழுதியிருந்தது. அந்த அறிக்கை அன்று காலை 9.40-க்குத்தான் கஸ்டம்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வந்தது. பத்தே நிமிடத்தில் ஜீப் கிளம்பிவிட்டது.

ஜீப்பில் இரண்டு பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர் அறிவழகன். திருவண்ணாமலைக்காரர், இருபது வருட சர்வீஸ், யாரையும் சுலபத்தில் நம்பாதவர். இன்னொருவர் அவருடைய மேலதிகாரி சூர்யகலா. ஐம்பத்திரண்டு வயது. எந்தப் பொருள் எந்தத் தலைப்பில் சேரும் என்று முடிவு செய்வது அவருடைய வேலை.

உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் சுங்கப் புத்தகத்தில் ஒரு எண் உண்டு. எண்ணைப் பொறுத்துத்தான் வரி. மிட்டாய் போல மணக்கும் அழிரப்பர் வந்தால் அது எழுதுபொருளா, பொம்மையா? சாக்லேட்டுக்கு உள்ளே விசில் இருந்தால் அது தின்பண்டமா, விளையாட்டுச் சாமானா? இருபத்தாறு வருடமாக சூர்யகலாவுக்கு இந்தக் கேள்விகள் சலிக்கவில்லை. சலித்தது அவர் வீட்டுக்காரருக்குத்தான். பாவம், அவரால் ஒரு மாங்காய் ஊறுகாயைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை.

கிடங்குக்குப் போகும் மண் பாதையில் சிறுபாலத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கடைசி இருநூறு அடியை உப்புப் பாத்திகளின் வரப்பில் நடந்துதான் கடக்க வேண்டும். சாலையோரம் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

வினோதினிக்கு முப்பது வயது. பெட்டிகளை இறக்குமதி செய்தவள் அவள்தான். அவளோடு நின்ற கௌதமன் அவளுடைய கிளியரிங் ஏஜென்ட். துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுப்பது, கஸ்டம்ஸ் தாள்களை எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, காதில் போன்.

வரப்பில் இரண்டாவது அடி வைத்ததுமே அறிவழகனின் கால் முழங்கால்வரை சேற்றில் போனது.

“சார், கருப்பா இருக்கற எடத்துல கால் வெக்காதீங்க,” என்றாள் வினோதினி. “வெள்ள பூத்திருக்குது பாருங்க, அந்த ஓரமா வாங்க.”

சூர்யகலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் சொன்னபடியே நடந்தார். நிமிர்ந்து பார்த்தபோது, அவள் சொல்வதற்கு முன்பே கிளம்பியிருந்த கௌதமன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்து, போன் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். சட்டையில் ஒரு பொட்டு சேறு இல்லை.

காலை 11.10.

கிடங்கு வாசலில் கலியபெருமாள் நாற்காலி போட்டு வைத்திருந்தார். அறுபது வயது உப்பு வியாபாரி, கிடங்கு அவருடையது. பக்கத்தில் அவருடைய எடை மேடை, தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல். கிடங்குக் கதவில் மூன்று வாரத்துக்கு முன் அறிவழகன் வைத்த அரக்கு முத்திரை பிசகாமல் இருந்தது.

அறிவழகன் காலைக் கழுவிக்கொண்டு வந்து ஆய்வக அறிக்கையை வேகமாக வாசித்தார். “மாதிரி, நாலு நிறப் பசை டப்பாக்கள். ஒவ்வொன்றின் நிகர எடை நூற்று ஐந்து கிராம். உள்ளடக்கம் மைதா, உப்பு, நிறம். சர்க்கரை இல்லை. உண்ணத் தகுந்ததல்ல.”

வினோதினியின் முகம் வெளுத்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டி குழந்தைகளுக்கான கைவேலைப் பெட்டி. உள்ளே நாலு நிறத்தில் சர்க்கரைப் பசை, பிசைந்து உருட்ட ஒரு சின்னக் கட்டை, மீன், ஆமை, முயல் அச்சுகள். குழந்தை பொம்மை செய்யும், காய வைக்கும், பிறகு தின்றுவிடும். இதை இனிப்புப் பண்டம் என்று எழுதித்தான் வினோதினி வரவழைத்தாள். அறிவழகனுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அச்சும் கட்டையும் வைத்து விளையாடும் சாமான் பொம்மைதானே? பொம்மை என்றால் வரி இரண்டு மடங்குக்கு மேல். தரச் சான்று இல்லாமல் நாட்டுக்குள் விடவும் மாட்டார்கள். ஆய்வக முடிவு வரட்டும் என்று, சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்து இந்தக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

முடிவு வந்துவிட்டது. தின்ன முடியாத பசை.

“மேடம், சத்தியமா அது இனிப்புதான். சாம்பிள் வந்தப்ப நானே தின்னு பாத்தேன்,” என்றாள் வினோதினி.

“ஒரு பொட்டிய தின்னீங்க. முந்நூறு பொட்டி வந்திருக்குது,” என்றார் அறிவழகன். “சாக்லேட்னு எழுதி களிமண்ண கொண்டாந்தவங்கள நான் நெறைய பாத்துட்டேன்மா. கொஞ்சத்துல இனிப்பு, மிச்சத்துல பொம்ம மாவு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். பறிமுதல், கேஸ் ரெண்டும் வரும்.”

கௌதமன் தோல்பையைத் திறந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். குரலில் கனிவு வழிந்தது. “வினோதினி, நான் சொல்றத கேளுங்க. சரக்கு எனக்கு வேணாம்னு கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க. கஸ்டம்ஸ் ஏலம் விட்டுக்குவாங்க. கேஸ் இல்லாம நான் பேசி முடிச்சுடறேன். மறுபடியும் டெஸ்ட் பண்ணுன்னு கேட்டா இன்னும் சிக்கல்தான். போட்டது போகட்டும், பேராவது மிஞ்சும்.”

வினோதினி பேனாவை வாங்கிக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கும் சத்தத்தில் ஒரு பெண் குரல். “ஏண்டி, உப்புன்னு அங்க மூட்ட ஏத்தறவங்க போன்ல சொல்றாங்களே, நெசமா? எட்டுப் பேரும் இங்க குந்திக்கினு இருக்கோம். வேல இல்லன்னா இன்னிக்கே சொல்லிடு. சாயங்காலம் மேஸ்திரி வண்டி மெட்ராஸ் போவுது, ஏறிடறோம்.”

“சகாயமேரி அக்கா,” என்றாள் வினோதினி, போனை மூடிக்கொண்டு. “உப்பளத்துல வேல செய்யறவங்க. மழ வந்துட்டா மூணு மாசம் அளம் மூடிடும் மேடம். புள்ளைங்கள வுட்டுட்டு கட்டட வேலைக்கி போயிடுவாங்க. இந்த வருசம் போக வேணாம், இந்தப் பொட்டிய பிரிச்சி தமிழ்ல படம் போட்ட தாள் வெச்சி கட்டற வேல இருக்குதுன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்.”

அவள் பேனாவைத் தாளில் வைக்கப் போனாள்.

“இருங்க,” என்றார் சூர்யகலா. “அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல. அந்தத் தாள என்கிட்ட குடுங்க. உள்ள போயி பாத்துடலாமே. எனக்கும் ஆசையா இருக்கு.”

தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். கௌதமன் சிரித்தார், அவ்வளவு நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

நண்பகல் 12.05.

முத்திரை உடைந்தது. ஐம்பது அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்கு ஆறு கைவேலைப் பெட்டி வீதம். அன்று மாதிரி எடுத்த அட்டைப்பெட்டி தனியாக முன்னால் இருந்தது. ஒன்று ஆய்வகம் போக, ஐந்து மிச்சம்.

சூர்யகலா ஒரு சிவப்பு டப்பாவின் மேல் படலத்தைப் பிரித்து, விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. “உப்புதான்.” ஐந்து பெட்டியிலும் பார்த்தார்கள். எல்லாம் உப்பு.

பிறகு அவர் கிடங்கின் மூலைக்கு ஒரு பெட்டி, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று அவராகவே ஏழு அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் எடுத்து ருசி பார்த்தார். எல்லாம் இனிப்பு. அதிலும் பச்சை நிறம் கொய்யாப் பழ வாசனை. ஏழாவது டப்பாவில் அவர் தேவைக்கு அதிகமாகவே ருசி பார்த்ததாக அறிவழகனுக்குத் தோன்றியது.

“பாத்தீங்களா மேடம், கலந்து வந்திருக்குது,” என்றார் அவர்.

“ஒரே ஒரு அட்டைப்பொட்டி உப்பு. அத சரியா நீங்க எடுத்துட்டீங்க. எப்படி எடுத்தீங்க?”

“யாரும் காட்டல மேடம். நானேதான் எடுத்தேன்.”

“ஏன் அத?”

“மூலை கிழிஞ்சிருந்துச்சு. நல்ல பொட்டிய எதுக்கு வெட்டி வீணாக்கணும்? கிழிஞ்சத தொறந்தா பார்ட்டிக்கும் நஷ்டமில்ல. இருபது வருஷமா நான் அப்படித்தான். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான்.”

சூர்யகலா அந்த மூலையைத் தடவிப் பார்த்தார். கிழிந்திருந்தது. ஆனால் கொஞ்சமும் நசுங்கவில்லை. லாரியில் அடிபட்ட அட்டை நசுங்கித்தான் கிழியும்.

வெளியே வந்து, கலியபெருமாளின் சின்னத் தராசில் டப்பாக்களை ஒவ்வொன்றாக வைத்தார். மேலே அச்சடித்த எடை நூறு கிராம். காலி டப்பாவின் எடையைக் கழித்துப் பார்த்தால் இனிப்பு டப்பா நூறு, நூறு, தொண்ணூற்றொன்பது, நூறு. உப்பு டப்பா நூற்று ஐந்து. இன்னொன்று நூற்று ஐந்து. மூன்றாவதும் நூற்று ஐந்து.

“கொரியாக்காரன் தாராளமானவன் போல,” என்றார் சூர்யகலா. அறிவழகனுக்கு அதில் என்ன சுவாரசியம் என்று புரியவில்லை.

எடை மேடையில் ஒரு லாரிக்கு உப்பு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மூட்டையின் மேல் ஐம்பது கிலோ என்று போட்டிருந்தது. மிஷினில் சிவப்பு எழுத்து 52.5 காட்டியது. அடுத்த மூட்டைக்கும் 52.5. சூர்யகலா நாலு மூட்டை ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பிற்பகல் 1.00.

“வினோதினி, கிடங்குச் சாவி யார் யார்கிட்ட இருந்துச்சு?”

“மூணு சாவி மேடம். என்கிட்ட, கலியபெருமாள் மாமாகிட்ட, கௌதமன் சார்கிட்ட.”

“சரக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம். மாதிரி எடுத்து சீல் வெச்சது திங்கக்கிழமை காலைல. ஞாயித்துக்கிழமை நீங்க எங்க?”

“மாதா கோயில் தேர் மேடம். ஊரே அங்கதான் இருந்துச்சு. கெடங்குல யாருமில்ல.”

“நீங்க அதிகாரியா இருந்தா எந்தப் பொட்டிய தொறப்பீங்க?”

அவள் யோசித்தாள். “அடியில இருக்கறத. ஏமாத்தறவ அடியிலதான ஒளிச்சி வெப்பா.”

“சரி. எனக்கு ஒரு ஒதவி. வீட்டுக்கு கொஞ்சம் உப்பு வேணும். அந்தக் குவியல்ல அஞ்சு கிலோ எடை போட்டு பையில கட்டி வெக்கறீங்களா?”

தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது இந்த அம்மாளுக்கு உப்புக் கேட்கிறதே என்று வினோதினிக்கு அழுகை வந்தது. ஆனாலும் போய் அள்ளினாள். கொஞ்சம் கூடிப்போனதும் கையால் எடுத்துப் போட்டுக் குறைத்தாள். 5.00.

பிற்பகல் 1.25.

“கலியபெருமாள் ஐயா, இந்தச் சரக்கு இங்க இருக்கறது உங்களுக்கு தொந்தரவா?”

“தொந்தரவுதாம்மா. மழைக்கி முன்ன என் உப்ப உள்ள ஏத்தணும். சீல் வெச்சி மூணு வாரமாச்சி. வெளிய கெடக்குது பாருங்க.”

“அப்ப அவங்க சரக்கு பறிபோனா உங்களுக்கு நல்லது.”

“நல்லதுதான். இல்லன்னா பொய்.” அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுக்காக ஒரு பொண்ணோட பொழப்புல மண்ணள்ளிப் போட மாட்டேன்.”

“நீங்க அதிகாரியா இருந்தா எந்தப் பொட்டிய தொறப்பீங்க?”

“நடுவுல இருக்கறத. மூட்டையிலயும் குத்தூசிய நடுவுல வுட்டுத்தான் பாப்போம். மேல இருக்கறது சும்மா காட்டறதுக்கு.”

“எனக்கு அஞ்சு கிலோ உப்பு போட்டு வெப்பீங்களா?”

“அஞ்சு என்னம்மா, மூட்டையே எடுத்துக்கினு போங்க,” என்று சொல்லிக்கொண்டே போய்ப் போட்டார். பையைக் கட்டும்போது மிஷின் 5.25 காட்டியது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற்பகல் 1.50.

கௌதமன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எதுக்கு சாவி?”

“சார் வந்தா தொறந்து விடணும்ல மேடம். வினோதினி எப்பவும் இருக்க மாட்டாங்க.”

“ஞாயித்துக்கிழமை இங்க வந்தீங்களா?”

“பாண்டியில வீட்லதான் இருந்தேன்.”

“இந்தப் பக்கமெல்லாம் பழக்கமா?”

“நான் டவுன் ஆளு மேடம். உப்பளத்த பஸ்ல போறப்ப பாத்ததோட சரி.”

“நீங்க அதிகாரியா இருந்தா எந்தப் பொட்டிய தொறப்பீங்க?”

“அது சாரோட இஷ்டம் மேடம். நாங்க அதுல தலையிட மாட்டோம்.”

அவருடைய போன் அடித்தது. “பேசுங்க, பேசுங்க,” என்றார் சூர்யகலா. “பேசிக்கினே எனக்கொரு அஞ்சு கிலோ உப்பு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. எனக்கு குனிய முடியல, முதுகு வலி.”

கௌதமன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு குவியலுக்குப் போனார். வடபழனியில் யாரோடோ ஒரு பில் விஷயம் பேசியபடியே அள்ளினார். ஒரு முறை மிஷினைப் பார்த்தார், இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார், பையின் வாயை முறுக்கி ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் நகர்ந்ததும் சூர்யகலா அறிவழகனையும் ஒரு பை போடச் சொன்னார். அவர் 5.00 போட்டார். “மேடம், உங்க வீட்ல எத்தனை பேர்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டே பேர். அவருக்கு பிரஷர் வேற.”

நாலு பைகளையும் பெயர் எழுதிய துண்டுத் தாளோடு வரிசையாக வைத்தார் சூர்யகலா. பிறகு கிடங்கின் நிழலில் உட்கார்ந்து, ஒரு கைவேலைப் பெட்டியைப் பிரித்து, நீல நிறத்தில் ஆமை செய்ய ஆரம்பித்தார். மூன்று ஆமை ஆயிற்று. அறிவழகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வினோதினி வரப்பில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மாலை 4.10.

“எல்லாரும் வாங்க,” என்றார் சூர்யகலா.

வந்தார்கள்.

“மொதல்ல இந்த உப்பு கொரியாவுல போட்டதா, இங்க போட்டதான்னு பாக்கணும். அங்க மிஷின் போடுது. எந்த டப்பாவ எடுத்தாலும் நூறு கிராம். இந்த ஒரு அட்டைப்பொட்டியில மட்டும் ஒவ்வொண்ணும் நூத்தி அஞ்சு. தப்பா போச்சுன்னா ஒண்ணு நூத்தி ரெண்டு இருக்கும், ஒண்ணு தொண்ணூறு இருக்கும். இது தப்பில்ல. அந்த ஞாயித்துக்கிழமை யாரோ நிதானமா தராசு வெச்சி, நூத்துக்கு அஞ்சு கூட்டி போட்டு, படலத்த மறுபடி ஒட்டியிருக்காங்க. ஐயா, நீங்க அம்பது கிலோ மூட்டையில ஏன் அம்பத்தி ரெண்டரை போடறீங்க?”

கலியபெருமாளுக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது. “கசிவுக்கும்மா. உப்பு வழியில தண்ணி விட்டுக்கினே போவும். பெங்களூர்ல எறக்கறப்ப அம்பது நிக்கணும்ல? நூத்துக்கு அஞ்சு போட்டாத்தான் கணக்கு சரியா வரும்.”

“இத யாரெல்லாம் செய்வாங்க? அளத்துல வாருறவங்க?”

“அவுங்களுக்கு எடையே கெடையாது. கூடைக் கணக்குதான். எடை மேடையில நின்னவனுக்குத்தான் இது கையில ஊறியிருக்கும்.”

“அதான். உப்பு மாவு பிசைஞ்சவர் ரொம்ப கெட்டிக்காரர். உப்பு கசியும், ஆய்வகத்துக்கு போறப்ப எடை கொறஞ்சா சந்தேகம் வரும்னு கூட்டிப் போட்டாரு. ஆனா இது சாக்கு இல்ல, மூடி போட்ட டப்பா. ஒரு சொட்டும் வெளிய போகல. அஞ்சு கிராமும் அப்படியே நின்னுடுச்சு. வேற ஊர்க்காரனா இருந்தா பேசாம நூறு போட்டிருப்பான்.”

அறிவழகன் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தார். கலியபெருமாள் போட்ட பைக்கு மிஷின் 5.25 காட்டியதை அவர் கவனித்திருந்தார்.

“அவசரப்படாதீங்க,” என்றார் சூர்யகலா. “ரெண்டாவது விஷயம். உப்பு மாவ வெச்சி அந்த அட்டைப்பொட்டி மூலைய கிழிச்சவருக்கு, அம்பதுல எத நீங்க எடுப்பீங்கன்னு தெரிஞ்சிருக்கணும். கஸ்டம்ஸ்காரங்க கிழிஞ்ச பொட்டியத்தான் தொறப்பாங்கன்னு ஊர்ல யாருக்கு தெரியும்? வினோதினி அடியில இருக்கறதன்னாங்க. ஐயா நடுவுல இருக்கறதன்னாரு. அவங்க ஏமாத்த நெனச்சிருந்தா அங்கதான் வெச்சிருப்பாங்க. உப்பு கசிவும் தெரிஞ்சி, நம்ம பழக்கமும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருக்க முடியும்.”

மூன்றாவது பையை எடுத்து மிஷினில் வைத்தார். துண்டுத் தாளில் கௌதமன் என்று எழுதியிருந்தது. சிவப்பு எழுத்து 5.25 என்று நின்றது.

கலியபெருமாள் எழுந்து வந்து மிஷினை எட்டிப் பார்த்தார்.

“போன் பேசிக்கினே போட்டீங்க. அதனால கை பொய் சொல்லல,” என்றார் சூர்யகலா. “காலைல வரப்புல நீங்க நடந்ததையும் பாத்தேன். உப்பளத்த பஸ்ல மட்டும் பாத்தவரு, எங்க கால் வெக்கணும்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சி வெச்சிருந்தீங்க.”

“மேடம், ஒரு பை உப்ப வெச்சி ஒருத்தன குத்தவாளின்னு சொல்லிடுவீங்களா?” கௌதமனின் குரல் உயர்ந்தது.

“மாட்டேன். ஆனா இது இருக்கே.” கைப்பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தார். “பின்பக்கம் இந்தத் தாள வித்தவரோட கையெழுத்து. வினோதினி பேர். எதுக்குங்கற எடத்துல சரக்கு கைவிடல். தேதி நேத்து. ஆய்வக ரிப்போர்ட் இன்னிக்கி காலைல 9.40-க்கு வந்துச்சு. உப்புன்னு எங்களுக்கே தெரியாதப்ப, சரக்க கைவிட வேண்டி வரும்னு உங்களுக்கு நேத்தே எப்படி தெரிஞ்சுது?”

கௌதமன் அந்தத் தாளுக்குக் கை நீட்டினார், சூர்யகலா கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது.

“ஏலத்துக்கு வந்தா உப்பு மாவுன்னு யாரும் கிட்ட வர மாட்டாங்க,” என்று சூர்யகலாவே தொடர்ந்தார். “இனிப்புன்னு தெரிஞ்ச ஒரே ஆளுக்கு அடிமாட்டு விலைக்கு கிடைக்கும். கிறிஸ்துமஸ்க்கு வெள்ளைக்காரங்க வர்ற குயிலாப்பாளையம் கடைங்கள்ல நல்ல வெல போகும். யார் பேர்ல எடுக்கறதா இருந்தீங்க?”

“மச்சான் பேர்ல,” என்றார் கௌதமன். பிறகு யாரும் கேட்காமலே, “செய்யூர் அளத்துல எங்கப்பா எடை மேடைல நிப்பாரு. லீவுல நான்தான் போடுவேன்,” என்றார்.

அறிவழகன் வாக்குமூலத் தாளை எடுத்தார்.

வினோதினி கௌதமனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. “எது பொம்ம, எது பண்டம்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே நீங்கதான சார்? பஸ்ஸு புடிச்சி ஆபீஸ் ஆபீஸா கூட்டிக்கினு போனீங்க. அண்ணன் மாதிரி நெனச்சேன்.”

மாலை 4.45.

“மேடம், உப்பு விஷயம் முடிஞ்சுது,” என்றார் அறிவழகன். “ஆனா என் கேள்வி அப்படியே இருக்குது. அச்சு இருக்குது, கட்ட இருக்குது. இது பொம்மைதான?”

சூர்யகலாவின் முகம் மலர்ந்தது. அன்று முழுக்க அவர் காத்திருந்த கேள்வி அது. காய்ந்திருந்த நீல ஆமைகளில் ஒன்றை அவரிடம் நீட்டினார். “நாலஞ்சு சாமான் சேந்து ஒரே பொட்டியில வந்தா, எது இல்லன்னா அந்தப் பொட்டிக்கு அர்த்தமே இல்லியோ, அதுதான் அதோட தலைப்பு. அச்ச எடுத்துட்டா கையால உருட்டலாம், நான் உருட்டுனேன். பசைய எடுத்துட்டா அச்ச வெச்சி என்ன பண்றது? கடைசியில மிஞ்சறத பாருங்க. பொம்மைன்னா அலமாரிக்கு போகும். இது எங்க போகுது?”

அறிவழகன் ஆமையை வாயில் போட்டார். மென்றார். பிறகு சரக்குத் தாளில் பொம்மை என்று தான் பென்சிலால் எழுதி வைத்திருந்ததை அழித்தார். “மன்னிச்சிடும்மா,” என்றார் வினோதினியிடம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“புது மாதிரி நாலு எடத்துலேந்து எடுங்க. நல்ல பொட்டியா பாத்து வெட்டுங்க,” என்றார் சூர்யகலா. “ஆய்வகத்துக்கு நானே கொண்டு போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கிடலாம். இனிப்புப் பண்டம்னு நான் எழுதறேன்.”

ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வினோதினி போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான எண்ணை அழுத்திவிட்டாள். மூன்றாவது முறை மணி அடித்தது. பின்னணியில் வண்டி எஞ்சின் சத்தம், பெண்கள் பேசும் சத்தம்.

“அக்கா, ஏறாதீங்க.”

“உப்புன்னு ஊரே சொல்லுதேடி.”

“உப்பு இல்லக்கா. சர்க்கரதான். நான் சொன்னது சொன்னதுதான். திங்கக்கெழம காலைல எட்டுப் பேரும் கெடங்குக்கு வாங்க.”

மறுமுனையில் எஞ்சின் சத்தம் அப்படியேதான் இருந்தது. சகாயமேரி யாரிடமோ திரும்பி, “ஏ, பைய எறக்கு,” என்று சொல்வது கேட்டது.